விற்ற போனில் நூற்று எண்பத்தாறு சாவிகள்

மூன்று தெருவுக்கும் பூட்டு, சாவி என்றால் அவர்தான். முப்பது வருடமாக ஒரே மூலைக்கடை. திரும்பினால் முழங்கை சுவரில் இடிக்கும். அதற்குள் ஒரு சாவி வெட்டும் மெஷின், கால் ஆடும் ஸ்டூல், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் வெட்டாத சாவிகள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். எல்லாருக்கும் அவர் சாவிக்காரர். "நான் வெட்டின சாவி சேரலைன்னு ஒருத்தர் திரும்பி வந்ததா சரித்திரமே இல்ல" என்று நாளைக்கு நாலு தடவை சொல்லாவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. சொல்லிவிட்டுப் போகட்டும், அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவருடைய வழக்கம் ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். வினையே அதில்தான் இருக்கிறது. யார் சாவி கொண்டுவந்தாலும், வெட்டுவதற்கு முன் அதைக் கட்டம் போட்ட தாளின் மேல் வைப்பார். பக்கத்தில் ஒரு ஸ்கேல். கீழே ஒரு துண்டுச் சீட்டில் தெருவின் பெயரும் வீட்டு எண்ணும். அப்படியே போனில் ஒரு படம். நாளைக்கே அந்த வீட்டுக்காரர் சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நின்றால் பூட்டை உடைக்க வேண்டியதில்லை. படத்தைப் பார்த்தே அச்சு அசலாக இன்னொன்று வெட்டிவிடுவார். எத்தனையோ பேர் மழையில் நனையாமல் வீட்டுக்குள் போனது அந்தப் படங்களால்தான். நல்லதுக்கென்று எழுதிய சீட்டைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா?

போன மாதம் மகள் அவருக்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தாள். படங்களை எல்லாம் அதற்கு மாற்றியும் கொடுத்துவிட்டு, அன்று காலையில் வேலைக்குக் கிளம்பும்போது படித்துப் படித்துச் சொன்னாள்.

"அப்பா, பழசை விக்கறதுக்கு முன்னாடி ரீசெட் பண்ணணும். மத்தியானம் சாப்பிட வரும்போது நானே பண்ணித் தரேன். அதுவரைக்கும் கையை வச்சுக்கிட்டு சும்மா இருங்க."

"போம்மா. ஊர்ல இருக்கிற பூட்டையெல்லாம் திறக்கறவனுக்கு ஒரு போனைத் துடைக்கத் தெரியாதா?"

தெரியாது. ஆனால் அதை அவரிடம் யார் சொல்வது! மகள் தெருமுனை திரும்புவதற்குள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சார்ஜர் குத்தும் ஓட்டையில் அடைத்திருந்த இரும்புத்தூளை ஊசியால் நோண்டி எடுத்தார். கண்ணாடியை ஸ்பிரிட் தொட்ட துணியால் பளபளக்கத் துடைத்தார். சிம் கார்டைக் கழற்றினார். பிறகு சாவிப் படங்களை ஒவ்வொன்றாக அழித்தார். 'அழிக்கவா?' என்று அது கேட்க, 'அழி' என்று இவர் அழுத்த, இப்படி நூற்று எண்பத்தாறு தடவை. மொத்தமாக அழிக்க வழி இருப்பது தெரியாமல் இல்லை. தன் கையால் ஒவ்வொன்றாக அழித்தால்தான் அவருக்கு நம்பிக்கை. கடைசியில் வெறுமையாகிப்போன திரையைப் பார்த்தபோது வீட்டைப் பெருக்கி முடித்த திருப்தி வந்தது.

நாலு கடை தள்ளிப் பழைய போன் கடை. கடைக்காரர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போன்ல போட்டிருக்கிற உங்க அக்கவுண்ட்டை எடுத்துடுங்கண்ணே. இல்லன்னா வாங்கறவங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

அதையும் அவர் சொன்னபடியே எடுத்துக் கொடுத்துவிட்டு, காற்றில் நடப்பதுபோல வீட்டுக்கு வந்தார் நம் சாவிக்காரர்.

மத்தியானம் மகள் வந்தாள். தட்டில் கை வைத்தவள் நிமிர்ந்தாள்.

"எங்கப்பா போன்?"

"வித்தாச்சு! எல்லாப் படத்தையும் ஒண்ணு விடாம அழிச்சுட்டுத்தான் குடுத்தேன்."

"ரீசெட் பண்ணீங்களா?"

"அழிச்சப்புறம் ரீசெட் எதுக்கு?"

மகள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "ஐயோ அப்பா! அழிச்சா அது உடனே போயிடாது. உள்ளயே ஒரு குப்பைத் தொட்டி இருக்கு, அதுல போய் உக்காந்திருக்கும். முப்பது நாள் வரைக்கும் யாரு வேணா திரும்ப எடுக்கலாம்."

செருப்பு எந்தக் காலில் எது என்று பார்க்காமல் ஓடினார். அறுபதை நெருங்கும் ஆள் அப்படி ஓடியதை அந்தத் தெரு பார்த்ததே இல்லை.

"அந்தப் போன் எங்க தம்பி?"

"அப்பவே போயிடுச்சேண்ணே. நீங்க குடுத்துட்டுப் போன கொஞ்ச நேரத்துல ஒருத்தர் வந்தார், பிடிச்சுப்போச்சு, வாங்கிட்டுப் போயிட்டார்."

"நீ ஒண்ணும் அழிக்கலையா?"

"நீங்கதானே எல்லாத்தையும் அழிச்சாச்சுன்னீங்க? திறந்து பார்த்தேன், சுத்தமா இருந்துச்சு. மிச்சத்தை நானே பார்த்துக்கறேன்னு அவரும் சொல்லிட்டார்."

"யாரு அவரு? எந்தத் தெரு?"

"தொப்பி போட்டிருந்தார்ணே. வேற ஒண்ணும் தெரியாது."

மகள் பின்னாலேயே வந்திருந்தாள். தூரத்திலிருந்தே போனைத் துடைக்க ஒரு வழி உண்டாம். ஆனால் அதற்கு அந்த அக்கவுண்ட் போனில் இருக்க வேண்டுமாம். பார்த்தீர்களா கூத்தை! அவர் ஒழுங்காகச் செய்த காரியம் அந்த அக்கவுண்ட்டை எடுத்தது ஒன்றுதான், அதுவே கடைசிக் கதவையும் சாத்திவிட்டது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மகள் தேற்றினாள். "விடுங்கப்பா. யாரு போய்க் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்க்கப் போறாங்க? பார்த்தாலும் அது வெறும் சாவிப் படம். நாம வாயைத் திறக்காம இருந்தா ஒருத்தருக்கும் தெரியாது."

வெறும் சாவிப் படமா? அதை வைத்து எத்தனை நிமிடத்தில் கதவைத் திறக்கலாம் என்று அவருக்கல்லவா தெரியும்! அளவுக்கு ஸ்கேல், அடையாளத்துக்கு வீட்டு எண். திருடனுக்கு இதைவிட வசதியாக யாரும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்துவிட முடியாது. ஆனாலும் மகள் சொன்ன கடைசி வார்த்தை அவரைப் பிடித்துக்கொண்டது. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? சொன்னால் முப்பது வருடப் பெயர் ஒரே நாளில் மண்ணாகும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மகள் வேலைக்குத் திரும்பிப் போனாள். அவர் கடைக்குப் போகவில்லை. கதவை உள்ளே பூட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் தொப்பி போட்டவர்களாகத் தெரிந்தார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பிறரைக் கேலி செய்தவர்தான்.

அப்போது வாசல் பூட்டுக்குள் ஒரு சாவி நுழைந்தது.

அந்தச் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். பூட்டுக்குள்ளே ஐந்து குட்டி ஊசிகளும் ஒவ்வொன்றாக மேலே ஏறும் சத்தம். நூற்று எண்பத்தாறில் அவர் வீட்டுச் சாவியும் ஒன்று. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். கைப்பிடி மெதுவாகத் திரும்பியது.

"என்னப்பா இப்படி வேர்த்திருக்கு? கண்ணாடியை மறந்து வச்சுட்டேன்" என்றபடி மகள் உள்ளே வந்தாள்.

அவர் மகளைத் தாண்டித் திறந்த கதவையே பார்த்தார். தன் வீட்டில், பட்டப்பகலில், தனக்கே இப்படி என்றால், தனியாக இருக்கிற பெண்களுக்கு? பன்னிரண்டாம் எண் வீட்டுப் பியானோ டீச்சர்தான் முதலில் கண்முன் வந்தார். ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாதவர். போன வருடம் குளியலறையில் விழுந்து கிடந்தபோது கதவைத் திறந்து தூக்கியவர் இவர்தான். அன்றிலிருந்து டீச்சர் வீட்டுச் சாவி ஒன்று இவரிடமே இருக்கிறது. "உங்ககிட்ட இருந்தா எனக்கு நிம்மதியாத் தூக்கம் வரும்" என்று டீச்சரே கொடுத்து வைத்தது.

கடையைத் திறந்து புதுப் பூட்டுகளைப் பையில் அள்ளிக்கொண்டு நடந்தார். பன்னிரண்டாம் எண் வாசலில் மணியை அழுத்தினார்.

"யாரு?" உள்ளேயிருந்து குரல்.

"நான்தான் டீச்சர். சாவிக்காரன்."

"நீங்களா! எதுக்கு மணி அடிச்சுக்கிட்டு? உங்ககிட்டதான் சாவி இருக்கே, திறந்துக்கிட்டு வாங்க."

சாவி சட்டைப் பையில்தான் இருந்தது. அதை எடுத்து அந்தப் பூட்டில் நுழைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"இல்ல டீச்சர். நீங்களே வந்து திறங்க."

ஊன்றுகோல் மெதுவாகத் தட்டித் தட்டி வந்து சேர்ந்தது. வாசற்படியிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். சீட்டு, படம், குப்பைத் தொட்டி, தொப்பிக்காரர், ஒன்றையும் மறைக்கவில்லை. டீச்சர் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். டீச்சர் திட்டவில்லை. சாவிக்காரரின் தோளுக்கு மேலாகத் தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார்.

"மாத்திடுங்க" என்று மட்டும் சொன்னார்.

பழைய பூட்டைக் கழற்றிப் புதியதை மாட்ட வழக்கமாகக் கால் மணி நேரம் போதும். அன்று திருகாணி இரண்டு தடவை கைநழுவி விழுந்தது. டீச்சர் பக்கத்தை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டே நின்றார். முடிந்ததும் சாவிக்காரர் பூட்டித் திறந்து காட்டினார். புதுச் சாவி இரண்டு. வழக்கம்போல ஒன்றை டீச்சரிடம் கொடுத்துவிட்டு மற்றதைச் சட்டைப் பையில் போடப் போனார்.

டீச்சரின் கை நீட்டியபடியே இருந்தது.

"அதையும் குடுத்துடுங்க. இனிமே உங்ககிட்ட வேண்டாம்."

கொடுத்தார். பழைய சாவியையும் எடுத்துச் சேர்த்தே கொடுத்தார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே புதுப் பூட்டு ஒரு முறை திரும்பியது, பிறகு இன்னொரு முறையும் திரும்பியது. அவர் புதுப் போனை எடுத்து அடுத்த படத்தைப் பார்த்தார். பதினான்காம் எண், எதிர்ச்சாரி வீடு. பையைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார்.