கிருத்திகைக்கு ஒரு குழாய்

கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்த பிறகும் நான் வேலையை விடவில்லை. கழிவுநீர்க் குழாய்களை வடிவமைக்கும் சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே கணக்குப் போட்டுக்கொடுத்தேன். எங்கள் வீட்டுக் குளியலறைத் தண்ணீரோ தெருத் தொட்டிக்குப் போய்ச் சேராமல் பக்கத்து வீட்டு வாசலில் வழிந்தது.

ஆடிக் கிருத்திகைக்குள் அதை மாற்றிவிடலாம் என்றார் கணவர். காவடி எடுக்கும் உறவினர்கள் எங்கள் வீட்டில் குளித்துவிட்டுத்தான் மலையேறுவார்கள்.

"எட்டு இஞ்ச் பைப்பா போட்டுடலாம். பெருசா இருந்தா அடைக்காது."

"பெருசுலதாங்க அடைக்கும்" என்றேன்.

கிருத்திகையன்று வரும் அளவுக்குத் தண்ணீர் மற்ற நாட்களில் வராது. வீட்டில் நாங்கள் மூன்றே பேர். அகலமான குழாயில் கொஞ்சம் தண்ணீர் விட்டால் அடியில் மெல்லியதாகப் பரவி மெதுவாக நகரும். மண்ணும் முடியும் அங்கங்கே தங்கிவிடும். கூட்டம் வரும் நாளில் முக்கால் குழாய்க்கு மேல் நிரம்பக் கூடாது. சாதாரண நாளில் அழுக்கை இழுத்துச் செல்லும் வேகமும் குறையக் கூடாது. அதற்கேற்ற அளவும் சரிவும் வேண்டும்.

எத்தனை பேர் குளிப்பார்கள் என்று டிவி பார்த்துக்கொண்டிருந்த மாமியாரிடம் கேட்டேன். ஒவ்வொரு வீடாக நினைத்து நினைத்துச் சொன்னார்.

"உங்கள விட்டுட்டீங்களே அத்த."

"நான் அர பக்கெட்ல குளிச்சிக்குவேன்மா. அத ஏன் சேத்துகினு?"

"ஏன் அர பக்கெட்?"

"நெறைய ஊத்துனா அவங்க வாசல்ல போயி நிக்குதே. இப்டியே பழகிப்போச்சி."

அவருக்கென்று இரண்டு முழு பக்கெட் சேர்த்துக் கணக்கை மறுபடி போட்டேன். அப்போதும் நாலு இஞ்ச் போதும் என்றே வந்தது. பழைய குழாய் சரிவே இல்லாமல் கிடந்ததுதான் குறை. கணவர் சந்தேகத்தோடுதான் பள்ளம் தோண்ட ஆள் சொன்னார். ஆனால் மட்டம் பார்க்கும்போது, நான் சொன்ன இடத்தில் தண்ணீர் நிரப்பிய மட்ட டியூபைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

கிருத்திகையன்று உறவினர்கள் குளித்துக்கொண்டிருந்தபோது தெருத் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தேன். குழாயில் பாதிக்குச் சற்று மேலாகத் தண்ணீர் கலங்கலாக, வேகமாக வந்துகொண்டிருந்தது. எல்லாருக்கும் கடைசியாக மாமியார் போனார். வெகுநேரம் சொம்புச் சத்தம் கேட்டது.

"இன்னும் எவ்ளோ நேரம்மா?" என்று கணவர் கதவைத் தட்டினார்.

"இருடா, தலைக்கு ஊத்திகினு கீறேன்."

மறுநாள் பக்கத்து வீட்டம்மா தன் வீட்டுக் குழாயையும் பார்க்கச் சொல்லி வந்தார். நான் எழுவதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"பொண்ணு சாப்டுகினு கீது. அப்பறமா வரும், நீ போ" என்றவர், என் தட்டில் இன்னொரு தோசையை வைத்தார்.