அந்தோனியாருக்கு ஒரு மீன்

பாணின் கரையைப் பிய்த்துப் போட்டுவிட்டு நடுப்பகுதியை மட்டும் பிசைந்துகொண்டிருக்கிறார் றீற்றா அக்கா. அதற்குள் ஒரு கரண்டி பெருஞ்சீரகத்தூள், ஒரு சொட்டு வனிலா, கொஞ்சம் மஞ்சள். தூண்டில் இரைக்கு மஞ்சள் எதற்கு என்று கேட்டால், "மீனுக்கு மஞ்சள் போடாமல் விடுறதே?" என்று நம்மைத் திருப்பிக் கேட்பார். பிசைந்த உருண்டையை ஐஸ்கிரீம் டப்பாவில் அடைத்து, மூடியை உள்ளங்கையால் தட்டி, "வாரும் தம்பி, வெளிக்கிடுவம்" என்பார். சனிக்கிழமை காலையில் அந்தக் குரல் கேட்டதும் என் மனைவி என்னுடைய சப்பாத்தை எடுத்து வாசலில் வைத்துவிடுவாள். இங்கே மார்க்கம் நகரத்தில் நாங்கள் அவருக்குப் பக்கத்து வீடு. எனக்குத் தண்ணீரென்றால் பயம். ஆனால் அவருடைய ஐஸ்பெட்டியைத் தூக்க ஓர் ஆள் வேண்டுமே!

அக்காவுக்கு அறுபது தாண்டிவிட்டது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். காலையில் பிள்ளைகளை இறக்கியதற்கும் பின்னேரம் ஏற்றுவதற்கும் நடுவில் ஒரு பெரிய இடைவெளி உண்டு. மற்றச் சாரதிகள் அந்த நேரத்தில் கோப்பிக்கடையில் இருந்து மேலிடத்தைத் திட்டுவார்கள். இவர் ஒரு குளத்தடியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, அங்கே தூண்டில் போடும் ஒரு சீனக் கிழவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒருநாள் இறங்கிப் போய்த் தடியைக் கேட்டு வாங்கினார். "உதென்ன பெரிய விசயமே?" என்பது அவருடைய வசனம். பஸ் லைசென்ஸ் எடுத்ததும் அந்த வசனத்தோடுதான், கூரையில் ஏறிப் பனி தள்ளியதும் அந்த வசனத்தோடுதான். யாழ்ப்பாணத்தில் அவருடைய தகப்பனார் வங்கியில் வேலை பார்த்தவர். மீன் வெட்டிக் கழுவித்தான் வீட்டுக்குள் வருமாம். இப்போது மகளின் காரில் உயிருள்ள புழு ஒரு டப்பா எப்போதும் இருக்கிறது.

மீனோடு அவர் பழகுவது பஸ் பிள்ளைகளோடு பழகுவது போலத்தான். தூண்டில் நுனி ஆடினால், "இரு, இரு, தள்ளுப்படாதை, எல்லாருக்கும் இடமிருக்கு" என்பார். விரல் நீளத்தில் ஒன்று வந்தாலும் அதைத் தூக்கிப் பிடித்து, "வடிவான பிள்ளை" என்று பாராட்டிவிட்டுப் பெட்டிக்குள் போடுவார். சமைப்பது கணவர் அன்புராசாவின் வேலை. அன்புராசா அண்ணை அடக்கமான மனிதர், குரல் மட்டும் அடங்காது. ஆகவே அவர்களுடைய கோயிலில் ஆண்டுதோறும் அந்தோனியார் திருநாளுக்கு ஏலம் கூறும் பொறுப்பு அவருக்கு. சனங்கள் நேர்ந்து கொண்டுவரும் பொருட்களை மண்டபத்தில் வைத்து அவர் ஏலம் விடுவார், காசு கோயிலுக்குப் போகும். கேக், பூசணிக்காய், எலுமிச்சங்காய் ஊறுகாய் எல்லாம் வரும். கறிவேப்பிலைக் கன்று வந்தால் மண்டபமே எழும்பி நின்று விலை கேட்கும்.

போன வருடம் அந்த ஏல மேசைக்கு றீற்றா அக்கா தான் பிடித்த மீன்களைக் கொண்டு போனார். ஒரு சின்னப் பையில் உறைந்துபோய்க் கிடந்தன. அதே கோயிலுக்கு வரும் றொய்சன் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். றொய்சனிடம் சொந்தப் படகு இருக்கிறது, மீனைக் காட்டும் திரை இருக்கிறது, மீன்பிடிக்கென்றே ஒரு தொப்பியும் இருக்கிறது. "அக்கா, இதைப் பாக்க அந்தோனியாருக்குக் கண்ணாடி வாங்கிக் குடுக்க வேணும்" என்றான். மண்டபம் சிரித்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற சொந்தக் கணவரும் சிரித்துவிட்டார். அக்கா எழும்பி நின்று அந்தோனியார் சுரூபத்தைப் பார்த்துச் சொன்னார்: "வாற திருநாளுக்கு ஒரு பெரிய மீன் உமக்குத்தான். என்ர கையால பிடிச்சது. இது நேர்த்தி."

பகிடிக்குச் சொன்ன பேச்சென்றால் மறந்துவிடலாம். நேர்த்தி அப்படியில்லை. அந்த வருடம் முழுக்க அக்கா குளம் குளமாக அலைந்தார். மஞ்சள் போட்ட பாண் உருண்டையைத் தின்றுவிட்டுப் பெரிய மீன்களெல்லாம் போய்விட்டன. கோயில் வாசலில் றொய்சன் ஒவ்வொரு ஞாயிறும், "எப்பிடி அக்கா, மீன் வளருதோ?" என்று விசாரித்தான். நித்திரை வருகுதில்லை என்று அக்கா என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். சாமிக்குச் சொன்ன வாக்குத் தவறினால் என்ன நடக்கும் என்ற பயம் அவருக்கு உண்மையிலேயே இருந்தது. றொய்சனின் வாயை நினைத்த பயம் இன்னும் கொஞ்சம் கூட இருந்திருக்கும்.

கடைசியில் அவர் மரியோவைப் பிடித்தார். ஸ்கூகொக் ஏரியில் முப்பது வருடமாக ஆட்களைக் கூட்டிப்போய்ப் பெரிய மீன் பிடித்துக் கொடுக்கும் வழிகாட்டி. சின்ன வயதில் அசோரஸ் தீவுகளிலிருந்து வந்த போர்த்துக்கேயர். தொலைபேசியிலேயே மரியோ தன்னுடைய படகின் சட்டத்தை இரண்டு தரம் சொல்லிவிட்டார்: பெரிய மீன் பிடித்தால் அளந்து, படம் எடுத்து, திரும்ப ஏரியில் விடவேண்டும். அக்கா "ஓகே, ஓகே" என்றார். பிறகு எதற்கு என் தலையில் இந்த ஐஸ்பெட்டி என்று காரில் கேட்டேன். "முதல்லை எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம் தம்பி. கதைச்சால் சரிவரும்" என்றார். புடவைக்கடையில் பேரம் பேசிப் பழகிய வாய்.

அன்று திருநாளுக்கு முதல் நாள், சனிக்கிழமை. படகில் ஏறியதும் அக்கா முதலில் கண்டது சுக்கானுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அந்தோனியார் படத்தை. போர்த்துக்கேயருக்கு அவர் சொந்த ஊர்க்காரராம். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், வழக்கு வென்றாயிற்று என்கிற மாதிரி. அதற்குப் பிறகு மரியோ சொன்ன எல்லாவற்றையும் கேட்டார். பாண் உருண்டையை உள்ளே வைக்கச் சொன்னபோது மட்டும் முகம் கொஞ்சம் வாடியது. இரைக்குப் பதிலாக மரியோ கொடுத்த பொய்மீனே அக்கா வழக்கமாகப் பிடிக்கும் மீனைவிடப் பெரிது. இந்த ஏரியின் சண்டியனுக்கு மஸ்கி என்று பெயர், நீண்ட மூஞ்சியும் ஊசிப் பல்லும். பத்தாயிரம் தரம் எறிந்தால் ஒன்று வரும் என்று ஆட்கள் சொல்வார்களென்று மரியோ எச்சரித்தார். "அப்ப கெதியா எறிவம்" என்றார் அக்கா.

எறிவதும் இழுப்பதுமாக மத்தியானம் வந்தது. ஒவ்வொரு தரமும் பொய்மீன் படகருகே வந்ததும், உடனே தூக்காமல் தடி நுனியால் தண்ணீருக்குள் எட்டுப் போடவேண்டும். பின்னாலேயே வரும் மஸ்கி அங்கேதான் பாயுமாம். பஸ் திருப்பிப் பழகிய கை, அக்காவின் எட்டு நல்ல அகலமாக விழுந்தது. நான் ஐஸ்பெட்டியின் மேல் இருந்தபடி மீன் அடைத்த பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று தடி வளைந்து பாதி தண்ணீருக்குள் போனது. படகோரத்தில் பச்சையும் பழுப்புமாக ஏதோ உருண்டது. என் கையிலிருந்த பணிஸ் ஏரிக்குள் விழுந்துவிட்டது.

மரியோ அமைதியாக, விடு, இழு, விடு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா மீனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்கை ஓடப்பாக்கிறாய்? இரு. இருந்த இடத்தில இரு." மீன் அந்த அதட்டலுக்குப் பணியவில்லை. தண்ணீரைப் பிளந்து தலையை உதறியபோது அக்காவின் தொப்பி போனது. கடைசியில் மரியோ பெரிய வலையைக் கீழே கொடுத்து அதை ஏந்தினார். வலையோடு தண்ணீருக்குள்ளேயே வைத்து, நீண்ட குறட்டால் தூண்டிலைக் கழற்றி அளந்தார். நாலடிக்கு ஓர் அங்குலம்தான் குறைவு. வலைக்குள் கைவிட்டுத் தடவப் போன அக்காவின் பெருவிரலைப் பல் கிழித்திருந்தது, அவர் கவனிக்கவில்லை. "தம்பி, பெட்டியைத் திறவும்" என்றார். பெட்டியே மீனில் பாதிதான் இருக்கும். நான் பெட்டியைத் திறந்தேன்.

மரியோ மாட்டேன் என்று தலையை ஆட்டினார். சட்டப்படி அந்த நீளத்து மீனைக் கொண்டு போகலாம், தன்னுடைய படகிலிருந்து கொண்டு போக முடியாது என்றார். அக்கா நேர்த்தியைச் சொன்னார், திருநாளைச் சொன்னார், றொய்சனைக்கூடச் சொன்னார். பிறகு படத்தைக் காட்டி, இது தன்னுடைய மீனுமில்லை, மரியோவின் மீனுமில்லை, அந்தோனியாருடைய மீன் என்றார். இதைவிடப் பெரிய வாதம் ஏது? நான் மரியோவுக்காகப் பரிதாபப்பட்டேன்.

மரியோ படத்தைப் பார்த்தார். அப்படியென்றால் அவர் என்ன செய்தாரென்று பார்ப்போமே என்றார். சனங்கள் பிரசங்கம் கேட்க மாட்டோம் என்றபோது அந்தோனியார் கரைக்குப் போய் மீன்களுக்குப் பிரசங்கம் செய்தார். மீன்கள் தலையை வெளியே நீட்டிக் கேட்டன. முடிந்ததும் ஆசீர்வதித்துத் திருப்பி அனுப்பினார், ஒன்றையும் பொரிக்கவில்லை. பிறகு வலைக்குள் கிடந்ததைக் காட்டி, இது தாய் மீன், இருபது வயதாவது இருக்கும், இன்னும் கன முட்டை இடும் என்றார்.

றீற்றா அக்கா வலைக்கு மேலே குனிந்து பார்த்தார். மீனின் வாய் மெதுவாகத் திறந்து மூடியது. "இருவது வருசமா ஒருத்தற்ற கையிலயும் அம்பிடேல்லை" என்றார் என்னிடம். "என்ர கையில வந்திருக்கிறா."

அக்கா மீனைப் பிடித்திருக்க, நான் படம் எடுத்தேன். பிறகு அக்கா படகு விளிம்பில் குனிந்து, வாலடியைப் பிடித்தபடி மீனைத் தண்ணீரில் வைத்திருந்தார். அதற்கு மூச்சு வந்தது, ஓர் உதறலில் அவர் முகமெல்லாம் தண்ணீர். "பாத்துப் போ" என்றார். துடைக்கவும் இல்லை, அப்படியே இருந்தார். "சந்தோசமாவும் கிடக்கு தம்பி, பயமாவும் கிடக்கு. நாளைக்கு அந்தோனியாருக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?" வெறும் ஐஸ்பெட்டியைத் தூக்கியபோது அது காலையில் இருந்ததைவிடக் கனத்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அன்புராசா அண்ணை மேசை நடுவில் ஐஸ் நிரப்பிய ஒரு தட்டை வைத்திருந்தார். வீட்டில் மனைவியிடம் விபரம் கேட்கப் பயந்திருக்க வேண்டும். எப்போதும் முன்வரிசையில் இருக்கும் அக்கா அன்று பின்னால், என் பக்கத்தில் இருந்தார். பெருவிரலில் பிளாஸ்ரர். கேக் போனது, கறிவேப்பிலைக் கன்று அடிபிடியில் போனது. அண்ணை தட்டைப் பார்க்காமல் பூசணிக்காயைத் தூக்கினார். "மீனெங்கை அண்ணை?" என்று றொய்சன் எழும்பினான்.

என்னுடைய கைத்தொலைபேசியிலிருந்த படம் கை கையாகப் போனது. கையை முன்னுக்கு நீட்டிப் பிடித்தால் நெத்தலியும் சுறாவாகத் தெரியும் என்றான் றொய்சன். அந்தச் சிரிப்பு ஓயமுதல் அக்கா எழும்பினார்.

"மீன் ஸ்கூகொக் ஏரியில நிக்குது" என்றார். "பிடிச்சது நான், குடுத்தது அந்தோனியாருக்கு. சொன்ன சொல்லை நான் மாத்தேல்லை. ஏலத்தைக் கூறுங்கோ."

மண்டபம் ஆடிப்போய்ச் சிரித்தது, பங்குச் சுவாமியாரும் சிரித்தார். அன்புராசா அண்ணை மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு வெறும் ஐஸ் தட்டை இரண்டு கையாலும் உயரத் தூக்கி, ஏரியில் நிற்கும் மீன், எடுக்கிற ஆள்தான் போய்ப் பிடிக்கவேண்டும் என்று கூறத் தொடங்கினார். பகிடிக்கு ஒருவர் கேட்டார், இன்னொருவர் கூட்டினார். விலை கறிவேப்பிலைக் கன்றைத் தாண்டியபோது அக்காவின் முகத்தில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

அப்போது றொய்சன் எல்லாருக்கும் மேலாக ஒரு விலை சொன்னான். "படகு என்னட்டை இருக்கு. வாற சனி பிடிச்சுக்கொண்டு வாறன். எல்லாருக்கும் கறியும் பாணும்." மண்டபம் கைதட்டியது. அக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒருதரம்" என்றார் அன்புராசா அண்ணை. "ரெண்டுதரம்..."

அக்கா பிளாஸ்ரர் ஒட்டிய கையைத் தூக்கினார்.

றொய்சன் திரும்பிப் பார்த்துவிட்டுக் கூட்டினான். கை இறங்கவில்லை. அவன் மறுபடி கூட்டினான். அண்ணை மைக்கை மார்போடு அணைத்துக்கொண்டு, "இஞ்சாரும் றீற்றா, அது எங்கட காசெல்லே" என்று இரகசியமாகச் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டது. அக்கா மடியிலிருந்த கைப்பையை என்னிடம் தந்துவிட்டு மற்றக் கையையும் தூக்கினார்.