கேள்வி கேட்கும் டப்பா

என் மேசையில் இரண்டு டப்பாக்கள் இருக்கின்றன. சிப்புக்குள் இருப்பதைக் கணினியில் படிக்கவும், புதிதாக எழுதவும் உதவும் டீபக்கர்கள். ஒன்று என் கூட்டாளி ஆசைப்பட்டு வாங்கிய கறுப்பு ஒரிஜினல். மற்றது கட்டைவிரல் அளவுள்ள நீல நகல். காசிமேட்டில் படகுகளின் ஜிபிஎஸ் பழுதுபார்க்கும் எங்கள் கடையில், எது நல்லது என்று நாங்கள் சண்டை போடாத நாளில்லை. நீலம் வேகமானது, சொன்னதைச் செய்யும். கறுப்பு அடிக்கொரு தரம் நின்று ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு அது பிடிக்காது. “கேக்குதுன்னா காரணம் கீது மாமு. அதுவும் உன்ன மாதிரி வாய மூடிகினு இருக்கணுமா?” என்று அவன் சிரிப்பான்.

கடலில் கணவரைப் பறிகொடுத்த அக்கா ஒருவர், ஒரு நாள் அந்தக் கணவருடைய ஜிபிஎஸ்ஸைக் கொண்டுவந்தார். திரை செத்திருந்தது. “அவரு குறிச்ச பாரு எல்லாம் இதுலதான் கீது தம்பி. புள்ளைங்க அத வச்சுதான் தொழிலுக்குப் போவணும்.” மீன் கூடும் கடலடிப் பாறைகளைத்தான் பார் என்போம். அந்த இடங்களை யாரும் அடுத்த வீட்டுக்குச் சொல்லமாட்டார்கள். சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கூட்டாளி பெரம்பூர் போயிருந்தான். கறுப்பை மாட்டினேன். வழக்கம்போல் நின்று ஏதோ கேட்டது. போனில் அவனுக்கு எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டியிருக்கலாம். கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள், கூச்சமாக இருந்தது. அதைக் கழற்றிவிட்டு நீலத்தை மாட்டினேன். அது எதுவும் கேட்காமல் சிப்பின் பூட்டைத் திறந்தது. குறித்துவைத்த பார் எல்லாம் போய்விட்டன. பூட்டைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், பரவாயில்லையா என்றுதான் கறுப்பு கேட்டிருக்கிறது.

திரும்பி வந்தவன் கணினியை ஒருமுறை பார்த்தான், என்னை ஒருமுறை பார்த்தான். அக்கா வந்ததும், “என் கைதான்க்கா. தப்பாயிடுச்சு” என்றான்.

“உன் கை வெளங்குமாடா பேமானி!” என்று அவர் தெருவே கேட்க அழுதார். நான் குனிந்து திருப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் மாரடைப்பில் அவன் போய்விட்டான். கடைசிவரை அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சென்ற வாரம் அதே அக்கா மகனுடைய ஜிபிஎஸ்ஸோடு வந்தார். “இப்ப அவன் கை படாது. நம்பித் தரலாம்ல தம்பி?” என்றார்.

திருப்புளியைக் கீழே வைத்தேன். நிமிர்ந்து சொன்னேன்: “அன்னிக்கும் அவன் கை படலக்கா. நான்தான்.”

“அவன் சாவுக்குக்கூட நான் வரலியேடா” என்றார். ஜிபிஎஸ்ஸை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கறுப்பை மாட்டியிருக்கிறேன். திரையில் கேள்வி நிற்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.