குவாண்டம் பூட்டும் என் காதும்

இன்று காலை நிலாவெளி பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் என் மகளும் அவளுடைய தோழியும் இருந்தார்கள்.

கம்பஸில் இன்று குவாண்டம் ரகசியக் குறியீடு பற்றி மகள் பேச வேண்டும். எளிய உதாரணம் ஒன்று கிடைக்காமல் அழாக்குறையாக இருந்தாள்.

“சாவியை ஒளியில அனுப்புறது. இடையில ஆரும் களவாப் பார்த்தால் அது மாறிப்போகும். அதிலயே ஆள் பிடிபட்டிடும். இதை எப்பிடியடி விளங்கப்படுத்துறது?”

எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பிறகு இருவரும் ஏதோ குசுகுசுத்தார்கள். மெல்லக் காதை நீட்டினேன்.

உடனே தோழி பேச்சை மாற்றி, “இண்டைக்குச் சரியான வெயில் என்னடி?” என்றாள்.

மகள் திரும்பிப் பார்த்தாள். “அப்பா! ஒட்டுக்கேக்கிறீங்களோ?”

பிறகு துள்ளினாள். “எடியே, உதாரணம் கிடைச்சிட்டுது!”

மாலையில் வந்து சொன்னாள், பேச்சு நன்றாகப் போனதாம். என் கதைக்கு மண்டபமே சிரித்ததாம்.

பிள்ளைகளின் படிப்புக்கு நீங்கள் எப்படி உதவுகிறீர்கள்?