ரயில் பதிவுக்கு வந்த பின்னூட்டம்

ஆரம்பாக்கத்திலிருந்து வேலைக்குப் போகும் ரயிலின் நெரிசலைப் பற்றி நேற்று இந்த வலைப்பூவில் பதிவு எழுதியிருந்தேனே, இன்று மாலை புதுவாயல் பிரவுசிங் சென்டரில் அதற்கு வந்த பின்னூட்டங்களைத் திறந்தேன்.

பெயரில்லாத ஒருவன், கூட்டத்தில் என்னை யார் யார் எங்கெங்கே தொட்டார்கள் என்று விவரமாக எழுதச் சொல்லியிருந்தான்.



என் முகத்தைப் பார்த்து எழுந்து வந்த கடைக்காரரும் அதைப் படித்தார். "உனக்கு இன்னாத்துக்கும்மா இந்தப் பேஜாரு? எழுதறத உட்டுடு," என்றார்.

"அசிங்கமா எழுதுனவன் எழுதிக்கினே இருப்பான், நான் உட்டுடணுமாண்ணா?" என்றேன்.

அந்தப் பின்னூட்டத்தை அழித்துவிட்டு மட்டுறுத்தலைப் போட்டேன்.

இனி உங்கள் பின்னூட்டங்கள் நான் படித்த பிறகே வெளியாகும். பெயரில்லாதவரே, நீங்களும் எழுதலாம். உங்கள் வீட்டுப் பெண்களிடம் படித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள்.