ஜாடிக்குள் வந்த தண்ணீர்

அமெரிக்காவில், பிளசன்டனில் நான் சமைக்கும் வீட்டுத் தோட்டத்தில் இந்த வருடம் பிளம் காய்த்துக் கொட்டியது. குளிர்காலத்துக்கு ஆகட்டும் என்று காயாகவே நறுக்கி, உப்புப் போட்டு வைத்தேன். மறுநாள் வீட்டுக்கார அம்மா மூடியைத் திறந்தார்.

“அண்ணா, தண்ணியே ஆட் பண்ணல, இவ்ளோ வாட்டர் எங்கேருந்து வந்துச்சு?”

ஏழு வயதில் எனக்கும் இதே கேள்விதான். எங்கள் மரத்து மாங்காயை அம்மா உப்பில் போட்டு வைப்பாள். மழைக்காலத்தில் அப்பாவுக்குக் கூலி வேலை இருக்காது. கஞ்சிக்கு அந்த ஜாடி ஒன்றுதான் துணை. நான் தினமும் வேடுகட்டிய துணியை அவிழ்த்து, ஈரக் கையை உள்ளே விட்டு, தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பேன். முதல் மழையன்று பார்த்தால் ஜாடி முழுக்கப் பூஞ்சை.

“யாருடா கைய விட்டது?”

“நான்தாம்மா. தண்ணி எப்படி வருதுன்னு பாத்தேன்.”

“எப்படி வருதாம்?”

“தெரியலம்மா.”

“ரெண்டு மாசம் வெறுங்கஞ்சி குடிக்கப் போறோம். அதையாவது கண்டுபிடிச்சிருக்கக் கூடாதா?”

படிப்பு ஐந்தாவதோடு நின்றது. ஹூஸ்டன், நியூ ஜெர்சி என்று எத்தனையோ அடுப்படிகளில் நின்றும் யாரையும் கேட்கவில்லை. இப்போது வீட்டுக்கார அம்மாவின் மகள், செல்போனிலிருந்து தலை நிமிராமல், “சால்ட் புல்ஸ் இட் அவுட் ஆஃப் த ஃப்ரூட், மாம்” என்றாள்.

அன்று மாலையே ஊருக்கு ஃபோன் போட்டு அம்மாவிடம் சொன்னேன்: காய்க்குள் இருக்கும் தண்ணீரை உப்புதான் வெளியே இழுக்கிறதாம்.

அம்மா கேட்டாள்:

“அப்ப சக்கரை போட்டா?”