சுரக்குடி ஜீப்பும் என் வயிற்றெரிச்சலும்

பழைய ஜீப்பைப் புதுப்பிக்கிற தொழிலில் கையிலுள்ள கிரீஸ் மண்ணெண்ணெய் போட்டால் போய்விடும், வயிற்றெரிச்சல்தான் போகாது. அடுத்தவர் வீட்டுக்குப் போகப்போகிற பொருளை ஆசை ஆசையாகச் செய்து கொடுக்கிறவர்கள், தையல்காரரோ தச்சரோ, யாராயிருந்தாலும் இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள். உங்களுக்குத்தான் இது புரியும்.

டிராக்டரில் கட்டி இழுத்து வந்தது

திருநள்ளாறு போகும்போதெல்லாம் சுரக்குடியில் வண்டியை நிறுத்தி ஒரு கொட்டகைக்குள் எட்டிப் பார்ப்பேன். வைக்கோலுக்கு நடுவே பழைய ஜீப் ஒன்று நிற்கும். டயரில் காற்றில்லை, மேல்துணி இல்லை. ஆனால் முன்முகப்பும் பானட்டும் பக்கத்துத் தகடும் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தன. சொந்தக்காரர் கோவிந்தசாமி, நெல் விவசாயி. ஒவ்வொரு அறுவடைக்கும் போய்க் கேட்பேன். “பார்க்கலாம் தம்பி” என்பார்.

ஒரு நாள் காலையில் அதே ஜீப்பை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு என் பட்டறை வாசலுக்கே வந்துவிட்டார். எனக்குத்தான் என்று நினைத்து லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடினேன். பின்னாலேயே ஸ்கூட்டரில் செந்தில்நாதன் வந்து இறங்கினார். நெரவிக்காரர், காரைக்காலில் ஆபீஸ் உத்தியோகம். ஏதோ கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை கேட்டாராம், கிடைத்துவிட்டதாம். “கலரும் சாமானும் அந்தக் காலத்துல இருந்த மாதிரியே வேணும்ண்ணே” என்றார். நான் கோவிந்தசாமியைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், எனக்கு ஏன் தரவில்லை என்று கேட்டேன்.

“மெக்கானிக் வாங்குனா பிரிச்சுப் பிரிச்சு வித்துருவான்னு வீட்டுல சொன்னாங்க தம்பி. அதான் ஒண்ணும் தெரியாதவரா பார்த்துக் குடுத்தேன்.”

அடியில் இருந்த பச்சை

வண்டிமேல் வெள்ளை, அதற்கடியில் நீலம், அதற்கும் அடியில் சிவப்பு. அசல் நிறம் எதுவென்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்டெப்னி மாட்டுகிற தகட்டைக் கழற்றி அதன் பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். சாம்பல் கலந்த ஒரு பச்சை தெரிந்தது. அதைப் பார்த்து யூசுப் பாய் நிறம் கலக்கினார். எங்கள் பக்கத்தில் அவரை மிஞ்சிய பெயிண்டர் கிடையாது.

அதற்கு முன்னால் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். உப்புக்காற்று தின்ற அடித்தளத்தை வெட்டி எடுத்து, புதுத் தகடு வளைத்து, மல்லாந்து படுத்தே வெல்டு வைத்து முடித்தேன். கண்ணிலும் கழுத்திலும் பொறி விழும். யூசுப் பாய் கடைசியில் வந்து பெயிண்ட் அடித்தார். செந்தில்நாதன் குடும்பத்தோடு வந்தார், பச்சையைப் பார்த்துக் கண்கலங்கினார், யூசுப் பாய்க்குச் சால்வை போட்டார். போட்டோ எடுக்கச் சொல்லி செல்போனை என் கையில் கொடுத்தார்கள். எடுத்தேன். அவர்கள் போனபிறகு யூசுப் பாய் சால்வையை மடித்துக்கொண்டே என்னைத் தேற்றினார்.

“மாஷா அல்லாஹ், உங்க வேலை அருமைதான் குமாரு. ஆனா அதைப் பார்க்கணும்னா வண்டி கவுந்தாத்தான் உண்டு.”

பீரோவில் இருந்த மீட்டர்

டேஷ்போர்டில் ஸ்பீடோமீட்டர் இருக்க வேண்டிய இடம் ஓட்டையாகக் கிடந்தது. நாகப்பட்டினம், கும்பகோணம் என்று பழைய இரும்புக் கடைகளில் தேடியும் டூப்ளிகேட்தான் கிடைத்தது. அசல் ஒன்று என் வீட்டு பீரோவில், மனைவி கலாவின் பட்டுப்புடவைகளுக்குப் பக்கத்தில் துணி சுற்றிப் படுத்திருந்தது. என்றைக்காவது இப்படியொரு ஜீப் வாங்குவோம் என்று எப்போதோ வாங்கி வைத்தது. செந்தில்நாதனிடம் அதைப்பற்றி நான் மூச்சு விடவில்லை. “பரவாயில்லண்ணே, புதுசே போட்டுருங்க” என்று அவர் சொன்னதும்தான் கஷ்டம். சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

டூப்ளிகேட்டை மாட்டிப் பார்த்தேன். நல்ல முகத்தில் பொய்ப்பல் வைத்த மாதிரி பளபளத்தது. பொறாமையைப் பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுக்க முடியவில்லை. மத்தியானம் வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்து மீட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தட்டில் போட்ட சோறு ஆறிக்கொண்டிருந்தது. குழம்புக் கரண்டியோடு வந்த கலா என்னையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஜீப்பே இல்லாம மீட்டரை மட்டும் மடியில வச்சுக்கிட்டு எத்தனை கிலோமீட்டர் போகப் போறீங்க?”

பட்டினச்சேரி வரைக்கும்

சாயங்காலமே அசல் மீட்டரை மாட்டிவிட்டேன். மறுநாள் காலை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். நான் ஓட்ட, செந்தில்நாதன் பக்கத்தில். பட்டினச்சேரியில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து வண்டியைத் தடவிப் பார்த்தார்கள். “யார் வண்டிங்க?” என்று ஒருவர் என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் “என்னுது” என்றார் செந்தில்நாதன். நியாயம்தான். இருந்தாலும் சுருக்கென்றது.

திரும்பும்போது அவர் ஓட்டினார். இந்த வண்டியில் கீழ் கியருக்கு மாற்ற கிளட்ச்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும். சொல்லிக்கொடுத்தும் காலுக்கு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் கியர் அலறியது. என் கடைவாய்ப் பல்லில் யாரோ அரம் போடுவது போல இருந்தது. தாங்காமல் “நான் சொல்றப்ப மிதிங்க சார்” என்று அவர் கைமேல் என் கையை வைத்துத் தள்ளினேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல கியர் விழுந்தது. அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“வண்டி என்னுது, ஆனா அது உங்க பேச்சைத்தான் கேட்குது. பொறாமையா இருக்குண்ணே.”

நன்றாகச் செய்த வண்டி திரும்பி வராது, மோசமாகச் செய்தது வாரம் தவறாமல் வந்து நிற்கும் என்கிற இந்தத் தொழிலில், மனசுக்குப் பிடித்த வண்டியை ஒரு குறையும் வைக்காமல் செய்து அனுப்புகிற என்னைவிட மடையன் கிடையாது.